டொராண்டோ பியெட்ரி

டொராண்டோ பியெட்ரி (அக்டோபர் 16, 1885 – பெப்ரவரி 7, 1942) இத்தாலியைச் சேர்ந்த நெடுந்தூர ஓட்ட வீரர் ஆவார். 1908 ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளின் மாரத்தான் ஓட்டத்தில் இவர் முதலாவதாக எல்லைக்கோட்டைக் கடந்தார். எனினும், இறுதிக் கட்டத்தில் நடுவர்களின் உதவியைப் பெற்றமையால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். பதக்கம் எதுவும் பெறாதபோதும், அவ்வோட்டத்தில் வென்றவரை விடவும் இவரே உலகெங்கும் அறியப்பட்டவரானார்.

இளமைக் காலம்

பியெட்ரி வட இத்தாலியின் கொரெஜ்ஜோ நகரை அடுத்த மான்ட்ரியோ என்னும் சிற்றூரில் பிறந்தார். பின்னர் இவரது குடும்பம் அருகிலிருந்த கார்ப்பி நகரில் குடியேறியது. அங்கு ஓர் இனிப்புப் பண்டக் கடையில் பியெட்ரி எடுபிடிப் பையனாக வேலை செய்தார். ஏறத்தாழ 159 செ.மீ. உயரமே உடைய சிறிய உருவத்தினர்.

1904 ஆம் ஆண்டு, அக்காலத்தில் இத்தாலியின் புகழ்பெற்ற ஓட்ட வீரராக இருந்த பெரிக்ளே பாலியானி, கார்ப்பியில் நடந்த போட்டி ஒன்றில் ஓடினார். வேலை உடையிலேயே இருந்த பியெட்ரி, அவருடன் சேர்ந்து ஓடி இறுதி வரை ஈடுகொடுத்தார் என்று கூறப்படுகிறது. அதன் பின்னர் இவர் முறையாகப் போட்டிகளில் பங்கேற்கத் தொடங்கினார்.

தொடக்கப் போட்டிகள்

1905 இல் பாரிசில் நடந்த 30 கி.மீ. ஓட்டத்தில் பியெட்ரி வெற்றி பெற்றார். 1906 ஏப்ரலில் உரோம் நகரில் நடந்த தகுதிகாண் மாரத்தானிலும் வென்று, அவ்வாண்டு ஏதென்சில் நடந்த இடைக்கால ஒலிம்பிக் போட்டிகளுக்குத் தேர்வானார். அங்கு முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது வயிற்றுக் கோளாறு ஏற்பட்டதால், சுமார் 24 கி.மீ. தொலைவில் விலக நேர்ந்தது.

1908 ஜூலை 7 அன்று கார்ப்பியில் 40 கி.மீ. தொலைவை 2 மணி 38 நிமிடங்களில் ஓடி முடித்தார். இலண்டன் ஓட்டத்திற்கு அப்போது 17 நாட்களே இருந்தன. இரு நெடுந்தூர ஓட்டங்களுக்கிடையே இத்தகைய குறுகிய இடைவெளியை இன்றைய பயிற்சியாளர்கள் பொதுவாகத் தவிர்ப்பர்.

1908 இலண்டன் மாரத்தான்

ஜூலை 24, 1908 அன்று பிற்பகல் வின்சர் அரண்மனையிலிருந்து மாரத்தான் ஓட்டம் தொடங்கியது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஓடினர். வெப்பம் மிகுந்த அந்நாளில், தொடக்கத்தில் வேகமாக ஓடிய பலர் பாதி வழியிலேயே விலகினர். பியெட்ரி தொடக்கத்தில் நிதானமாக ஓடி, பிற்பாதியில் வேகத்தைக் கூட்டினார். 32 கி.மீ. அளவில், முன்னணியில் இருந்த தென்னாப்பிரிக்காவின் சார்லஸ் ஹெபரனுக்கு அடுத்ததாக, அவரைவிடச் சுமார் நான்கு நிமிடங்கள் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தார். ஹெபரன் தளர்வதை அறிந்து மேலும் விரைந்து, ஏறக்குறைய 39 கி.மீ. தொலைவில் அவரை முந்தினார்.

அம்முயற்சிக்கான விலையை அவர் உடனே கொடுக்க வேண்டியிருந்தது. நெடுந்தூர ஓட்டத்தின்போது தசைகளிலும் ஈரலிலும் சேமிக்கப்பட்டுள்ள மாச்சத்து படிப்படியாகக் குறைகிறது. வெப்பத்தில் நீரிழப்பும் சேரும்போது, கால்களின் கட்டுப்பாடு மட்டுமன்றிச் சிந்தனைத் தெளிவும் குன்றுகிறது. விளையாட்டரங்கினுள் முதலாவதாக நுழைந்த பியெட்ரி திசை தெரியாமல் எதிர்ப்புறமாகத் திரும்பினார். நடுவர்கள் அவரைச் சரியான திசையில் திருப்பினர். சற்று நேரத்தில் அவர் தடத்தில் விழுந்தார். ஏறத்தாழ 75,000 பார்வையாளர்கள் முன்னிலையில் ஐந்து முறை விழுந்து, ஒவ்வொரு முறையும் நடுவர்களின் துணையுடன் எழுந்தார். அரங்கினுள் இருந்த ஏறத்தாழ 350 மீட்டர் தொலைவைக் கடக்க அவருக்குச் சுமார் பத்து நிமிடங்கள் பிடித்தன. 2 மணி 54 நிமிடம் 46 நொடியில் எல்லைக்கோட்டைக் கடந்தார். அதற்கு 32 நொடிகள் கழித்து அமெரிக்காவின் ஜானி ஹேய்ஸ் எவரது உதவியுமின்றி ஓடி வந்து சேர்ந்தார்.

தகுதி நீக்கம்

அமெரிக்க அணியினர் உடனடியாக முறையீடு செய்தனர். முந்தைய நாள் நடந்த 400 மீட்டர் இறுதி ஓட்டம் தொடர்பாக அவர்களுக்கும் பிரித்தானிய நடுவர்களுக்கும் இடையே ஏற்கெனவே கடும் பிணக்கு நிலவியது. பிறர் உதவியுடன் ஓட்டத்தை முடித்தல் விதிக்குப் புறம்பானது என்பதால் முறையீடு ஏற்கப்பட்டது. பியெட்ரியின் பெயர் முடிவுகளிலிருந்து நீக்கப்பட்டு, ஹேய்சுக்குத் தங்கப் பதக்கமும் ஹெபரனுக்கு வெள்ளிப் பதக்கமும் வழங்கப்பட்டன.

விதிப்படி இம்முடிவு சரியானதே. ஆயினும், தன்னினைவு தடுமாறிய நிலையில் இருந்த ஒருவரால் தமக்கு அளிக்கப்படும் உதவியை ஏற்கவோ மறுக்கவோ இயலாது. கீழே கிடப்பவரைத் தூக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்ற நிலையும், தூக்கினால் அவரது வெற்றி பறிபோகும் என்ற நிலையும் அங்கு ஒருசேர எழுந்தன. இதுவே அந்நிகழ்வு நீண்டகாலம் விவாதிக்கப்படுவதற்குக் காரணமாகும்.

மறுநாள் நடந்த பரிசளிப்பு விழாவில், அரசி அலெக்சாந்திரா தங்கமுலாம் பூசிய வெள்ளிக் கோப்பை ஒன்றைப் பியெட்ரிக்குச் சிறப்பாக வழங்கினார். செர்லாக் ஓம்சு கதைகளின் ஆசிரியரான ஆர்தர் கோனன் டாயில் இவ்வோட்டத்தை நேரில் கண்டு டெய்லி மெயில் நாளிதழில் எழுதினார். பியெட்ரி சொந்தமாக ஓர் அடுமனை தொடங்குவதற்காக அந்நாளிதழ் வழியே 300 பவுண்டு நிதியும் திரட்டப்பட்டது.

தொழில்முறை ஓட்டங்கள்

அக்கால விதிகளின்படி பணத்திற்காக ஓடுவோர் ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்க இயலாது. தமக்குக் கிடைத்த புகழைத் தொடர்ந்து பியெட்ரி தொழில்முறை வீரரானார். நவம்பர் 25, 1908 அன்று நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில், மாரத்தான் தொலைவில் ஹேய்சுடன் மீண்டும் மோதி வெற்றி பெற்றார். டிசம்பர் 15 அன்று அதே அரங்கில் கனடாவின் டாம் லாங்போட்டிடம் தோற்றார். இறுதிப் பகுதியில் பியெட்ரியால் ஓட்டத்தைத் தொடர இயலவில்லை. 1909 மார்ச்சில் ஹேய்சை மறுமுறையும் வென்றார். இர்விங் பெர்லின் 1909 இல் டொராண்டோ என்ற பெயரில் ஒரு பாடலை இயற்றினார்.

மே 24, 1910 அன்று புவெனசு அயர்சில் தமது கடைசி மாரத்தானை 2 மணி 38 நிமிடம் 48 நொடியில் ஓடினார். 1911 இல் ஓட்டப் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார்.

பிற்கால வாழ்வு

போட்டிகளில் ஈட்டிய பணத்தைக் கொண்டு சகோதரருடன் இணைந்து ஒரு விடுதியை நடத்தினார். அத்தொழில் நட்டமடைந்தது. பின்னர் சான்ரெமோ நகருக்குச் சென்று மோட்டார் வண்டிப் பணிமனை ஒன்றை நடத்தினார். 1942 பெப்ரவரி 7 அன்று அந்நகரில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 56.

நினைவுகள்

அரசி வழங்கிய கோப்பை கார்ப்பி நகரில் பேணப்பட்டு வருகிறது. இலண்டனில் பழைய விளையாட்டரங்கு இருந்த பகுதியில் ஒரு தெருவுக்கு டொராண்டோவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

1896 ஆம் ஆண்டின் முதல் ஒலிம்பிக் மாரத்தான் சுமார் 40 கி.மீ. தொலைவே கொண்டது. இலண்டனில் அரங்கம் வரை 26 மைல்களும், அரங்கினுள் அரச குடும்பத்தினரின் இருக்கை வரை 385 கெஜங்களும் என அமைக்கப்பட்ட 42.195 கி.மீ. தொலைவே, 1921 இல் மாரத்தானின் நிலையான தொலைவாக ஏற்கப்பட்டது. 40 கி.மீ. குறியில் முன்னணியில் இருந்தவர் பியெட்ரியே. அவர் விழுந்தெழுந்து கடந்த அந்த இறுதி 385 கெஜங்கள் இன்று மாரத்தான் ஓடும் ஒவ்வொருவருடைய ஓட்டத்திலும் அடங்கியுள்ளன.