சு. வித்தியானந்தன்

பேராசிரியர் சு. வித்தியானந்தன் (மே 8, 1924 - சனவரி 21, 1989) ஈழத்துத் தமிழறிஞரும் நாடக நெறியாளரும் கூத்து ஆய்வாளரும் ஆவார். கிராமத்தவர் கலையாக மட்டுமே கருதப்பட்ட நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் விளங்கினார்.

வாழ்க்கைச் சுருக்கம்

இவர் யாழ்ப்பாண மாவட்டத்திலுள்ள தெல்லிப்பழையில் பிறந்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று, 1950 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் பேராதனையில் தமிழ் கற்பித்தார். க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகியோர் இவருடைய மாணவர்கள்.

நாடகப் பணி

தொடக்கத்தில் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை எழுதிய நாடகங்களை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். 1956 இல் எதிரிவீர சரச்சந்திர, சிங்கள நாடகம என்னும் கூத்து மரபிலிருந்து மனமே நாடகத்தை உருவாக்கினார். தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டிலாகும். தமிழருக்கும் தமக்கென ஒரு தேசிய நாடக மரபு உண்டு என்பதை நிறுவும் தேவை அப்போது எழுந்தது.

இலங்கைக் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராக இருந்த வித்தியானந்தன், மட்டக்களப்பு, மன்னார் முதலிய பகுதிகளின் கூத்துகளை ஊக்குவித்தார். விடிய விடிய ஆடப்படும் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி, அண்ணாவிமாரின் துணையுடன் மாணவர்களைப் பயிற்றுவித்தார். அவ்வாறு உருவானவை:

* கர்ணன் போர்
* நொண்டி நாடகம்
* இராவணேசன்
* வாலி வதை

இவற்றுள் இராவணேசன் இராவணனை அவல நாயகனாகக் காட்டியது. அதில் இராவணனாக நடித்த சி. மௌனகுரு பின்னர் கூத்து ஆய்வாளராகி, அந்நாடகத்தை மீளவும் தயாரித்தார். வட்டக் களரியில் ஆடப்பட்ட கூத்தைப் படச்சட்ட மேடைக்கு மாற்றியதால் அதன் இயல்பு குன்றியது என்ற விமரிசனமும் பிற்காலத்தில் எழுந்தது.

பதிப்புப் பணி

மன்னார்க் கூத்துகளான என்றிக் எம்பரதோர், மூவிராசாக்கள் நாடகம் ஆகியவற்றை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். தமிழர் சால்பு இவரது முக்கிய ஆய்வு நூலாகும்.

1974 மாநாடும் துணைவேந்தர் பதவியும்

நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கொழும்பில் நடத்த அரசு விரும்பியது. எனினும் வித்தியானந்தன் தலைமையிலான அமைப்பாளர்கள் அதனை 1974 சனவரியில் யாழ்ப்பாணத்திலேயே நடத்தினர். சனவரி 10 அன்று நடந்த இறுதிப் பொதுநிகழ்வில் பொலிசார் மேற்கொண்ட நடவடிக்கையைத் தொடர்ந்து 9 பேர் உயிரிழந்தனர்.

1977 இல் யாழ்ப்பாண வளாகத் தலைவரானார். 1979 இல் அவ்வளாகம் தனிப் பல்கலைக்கழகமானபோது துணைவேந்தராகப் பொறுப்பேற்று, போர்ச்சூழல் நிலவிய 1988 வரை அப்பதவி வகித்தார். அடுத்த ஆண்டு காலமானார்.