பூச மறுத்த முகம்

1930களின் தொடக்கத்தில் ஒரு நாள், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பெயர்பெற்ற பாலே நடனக் குழு ஒன்று புதியவர்களைத் தேர்வு செய்துகொண்டிருந்தது. ஆடிக் காட்ட வந்தவர்களுள் கறுப்பின இளம்பெண் ஒருவரும் இருந்தார். அவருக்கு 15 அல்லது 16 வயதுதான் இருக்கும். அவர் ஆடி முடித்தபோது அங்கிருந்தவர்கள் கைதட்டினார்கள். அதன் பிறகு குழுவின் நடன இயக்குநர் அவரிடம் சொன்ன செய்தியோ அவரை அழ வைத்தது.

அந்தப் பெண்ணின் பெயர் ஜேனட் காலின்ஸ். அவர் 1917ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7ஆம் நாள் லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தார். அக்காலத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்துவைக்கும் சட்டங்கள் இருந்தன. பள்ளி, இரயில் பெட்டி, உணவகம், அரங்கம் என எங்கும் இருவருக்கும் தனித்தனி இடம். ஜேனட்டுக்கு நான்கு வயதானபோது அவர் குடும்பம் மேற்குக் கரையிலுள்ள லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது.

தந்தை தையற்காரர்; தாயும் தையல் வேலை செய்பவர். கத்தோலிக்கச் சமூக மையம் ஒன்றில் ஜேனட் முதன்முதலாகப் பாலே கற்றார். வகுப்புக்குப் பணம் கட்ட வீட்டில் வசதியில்லை. ஆகவே, ஆண்டுவிழாவில் ஆடும் பிள்ளைகளுக்கு உடைகள் தைத்துக் கொடுத்து, அந்த உழைப்பையே கட்டணமாக்கினார் தாய். மகள் பாலே கற்றது தாயின் ஊசி நூலால்தான் என்று சொன்னால் அது மிகையன்று.

ஓரளவு தேர்ச்சி பெற்ற பின்னர், மேற்கொண்டு கற்கப் பெரிய நடனப் பள்ளிகளை நாடியபோது பல கதவுகள் மூடிக்கொண்டன. கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொள்ள அப்பள்ளிகள் விரும்பவில்லை. நிறம் பாராமல் திறமையைப் பார்த்த ஆசிரியர்களும் இருந்தார்கள். கார்மெலிதா மராச்சி, லெஸ்டர் ஹார்ட்டன், ரஷ்யாவிலிருந்து வந்த அடால்ஃப் போம் ஆகியோரிடம் ஜேனட் பயின்றார். பாலே, ஐரோப்பிய அரண்மனைகளில் தோன்றிப் பிரான்சிலும் ரஷ்யாவிலும் செழித்த கலை. கால்விரல் நுனியில் முழு உடலையும் நிறுத்தி, அது சிறிதும் சிரமமில்லாத செயல்போல் முகத்தில் காட்ட வேண்டும். இதற்குப் பல ஆண்டுப் பயிற்சி தேவை.

இப்படிப் பயின்றுவந்த காலத்தில்தான் பாலே ரூஸ் டி மான்டே கார்லோ என்ற குழு லாஸ் ஏஞ்சலிசுக்கு வந்தது. அதன் நடன இயக்குநர் லியோனிட் மாசின், ஜேனட்டின் திறமையைப் பாராட்டினார்; குழுவில் சேர்த்துக்கொள்ளவும் முன்வந்தார். ஆனால், ஒரு நிபந்தனை விதித்தார். மேடையேறும்போது ஜேனட் தம் முகத்திலும் உடலிலும் வெள்ளைப் பூச்சு பூசிக்கொள்ள வேண்டும். பாலே நாடகங்களில் இருபது, முப்பது பெண்கள் ஒரே உடையில், ஒரே அசைவில், ஓர் உருவமே பலவாகப் பெருகியதுபோல் ஆடுவது வழக்கம். அவர்கள் நடுவே ஒரு பழுப்பு நிற முகம் தனித்துத் தெரியும் என்பது அவர் கருத்து. அன்றைய நாடக உலகில் இது கொடுமையாகக்கூடத் தோன்றியிருக்காது. அதுவே அக்கொடுமையின் ஆழம்.

ஜேனட் மறுத்துவிட்டார். உலகப் புகழ்பெற்ற குழு, உலகச் சுற்றுப்பயணம், பாலே மேடை என ஓர் இளம்பெண் கனவு கண்ட அத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு வெளியே வந்து, ஒரு மணி நேரம் அழுதார். பின்னர், குடும்பத்துப் பெரியவர் ஒருவர் அவரைத் தேற்றி, மீண்டும் பயிற்சிக்குத் திரும்பச் சொன்னார். மற்றவர்களுக்கு நிகராக ஆடினால் போதாது, அவர்களை விஞ்ச வேண்டும் என்பது அந்தப் பெரியவர் கூறிய அறிவுரை.

விஞ்சுவதற்கு எடுத்த காலம் கொஞ்சநஞ்சமன்று. அடுத்த பல ஆண்டுகள் ஜேனட் கேளிக்கை அரங்குகளில் ஆடினார், ஓவியமும் படித்தார், கறுப்பினக் கலைஞர் கேத்தரின் டனம் நடத்திய நடனக் குழுவில் இணைந்து பணியாற்றினார். தாமே நடனங்களையும் உருவாக்கினார். மோட்சார்ட்டின் இசைக்கு ஒரு நடனம். கறுப்பின அடிமைகளின் வழிவந்த பக்திப் பாடல்களுக்கு மற்றொரு நடனம். இவ்விரண்டையும் ஒரே மேடையில் ஒரே உடல் ஆடிக் காட்டியதே அவருடைய தனித்தன்மை. 1949ஆம் ஆண்டு நியூயார்க்கில் அவர் தனியாக ஆடியபோது, இத்தனை நாள் இவர் எங்கே இருந்தார் என்று கேட்கும் அளவுக்கு விமர்சகர்கள் வியந்தார்கள். அப்போது அவருக்கு வயது 31. பாலே உலகில் பலர் உச்சத்தைத் தொட்டுவிடும் வயது அது.

1950 டிசம்பரில் பிராட்வே அரங்கில் தொடங்கிய இசைநாடகம் ஒன்றில் அவர் இரவின் உருவமாக ஆடினார். அதற்காக டொனால்ட்சன் விருது கிடைத்தது. அந்த நாடகத்தில் அவரைக் கண்டவர்களுள் ஒருவர் சக்கரி சோலோவ். இவர் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவின் நடன ஆசிரியர். ஓபரா என்பது வசனத்துக்குப் பதிலாகப் பாட்டாலேயே நடத்தப்படும் நாடகம். இடையிடையே பாலே நடனமும் வரும். சோலோவ் ஜேனட்டை அங்கு ஆட அழைத்தார். தலைமை மேலாளர் ருடால்ஃப் பிங்கும் இசைந்தார்.

1951 நவம்பர் 13ஆம் நாள் ‘ஐடா’ என்னும் ஓபராவில் ஜேனட் அந்த மேடையில் முதன்முதலாகத் தோன்றினார். ஐடா, எகிப்தில் சிறைப்பட்ட எத்தியோப்பிய இளவரசியின் கதை. பல ஆண்டுகளாக வெள்ளையின நடிகையர் முகத்தில் கருமை பூசிக்கொண்டு பாடி நடித்த கதை அது. அதே மேடையில்தான் ஜேனட் தம் சொந்த நிறத்தோடு ஆடினார். மெட்ரோபாலிட்டன் ஓபராவின் முதன்மை நடனமணியாகப் பொறுப்பேற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர். பாடகி மேரியன் ஆண்டர்சன் அந்த மேடையில் பாடும் வாய்ப்பைப் பெற்றது 1955இல்தான். ‘கார்மென்’, ‘சாம்சனும் தெலீலாவும்’ போன்ற ஓபராக்களிலும் ஜேனட் ஆடினார்.

எனினும், கதவு முழுவதும் திறந்துவிடவில்லை. அந்நிறுவனம் ஆண்டுதோறும் பல நகரங்களுக்குப் பயணம் செல்லும். தென்மாநிலங்களை அடைந்ததும், அங்குள்ள இனப்பிரிவினைச் சட்டங்களால் ஜேனட் மேடையேற இயலாது. நியூயார்க்கில் முதன்மை நடனமணி. தெற்கே ஒதுங்கி நிற்க வேண்டியவர். அவர் ஆட வேண்டிய நடனத்தை மாற்றுக் கலைஞர் ஒருவர் ஆடிவிடுவார். 1954ஆம் ஆண்டு, பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் ஜேனட் ஓபராவை விட்டு விலகினார். அவருடைய உறவுப்பெண் கார்மென் டி லாவலேட் சிறுவயது முதல் அவரைப் பார்த்து வளர்ந்தவர். சில காலத்திற்குள் அவரும் அதே மேடையில் ஆடினார்.

அதன்பின் ஜேனட் பெரும்பாலும் ஆசிரியராகவே வாழ்ந்தார். கல்லூரி மாணவியருக்கு நடனம் கற்பித்தார். செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கும் கற்பித்தார் என்பது பலர் அறியாத செய்தி. 1974இல், ஆல்வின் அய்லி நடனக் குழு அவரை மேடையில் சிறப்பித்தது. அவ்வாண்டோடு அவர் நடனத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பின்னர் இறை வழிபாட்டிலும் ஓவியத்திலும் நாள்களைக் கழித்தார். சமயக் காட்சிகளே அவர் விரும்பி வரைந்தவை. டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில், 2003ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள், தமது 86ஆம் வயதில் அவர் காலமானார்.