ரஹீம் என்றொரு பள்ளிக்கூட வாத்தியார்

மலருக்கு விளையாட்டைப் பற்றி ஏதாவது எழுதுங்கள் என்று நண்பர்கள் கேட்டார்கள். நம் கல்லூரி அணி வாங்கிய கோப்பைகளைப் பட்டியல் போட்டுவிடலாம். அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். அதைவிட அவசரமான விஷயம் ஒண்ணு இப்போ நம்ம முன்னாடி நிக்குது.

திண்டுக்கல் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நம் சங்கச் செலவில் ஒரு ஃபுட்பால் கோச் வைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. நல்ல காரியம். ஆனால் யாரை வைப்பது என்பதில் நமக்குள் இரண்டு கட்சி. பெரிய அளவில் ஆடிப் பெயர் வாங்கியவர் வேண்டும் என்பது ஒரு கட்சி. பையன்களோடு பழகத் தெரிந்த வாத்தியார் போதும் என்பது இன்னொரு கட்சி. நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டைப் பக்கம் வருஷக்கணக்கா விசில் ஊதின பி.டி. வாத்தியார் நான். என் அபிப்பிராயத்தைச் சொல்வதற்கு முன்னால் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு நீங்களே முடிவு பண்ணுங்கள்.

சையது அப்துல் ரஹீம் 1909-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது கல்லூரி அணியின் நல்ல ஆட்டக்காரர். அந்தக் கல்லூரியில் படித்து முடித்தவர்களும் படித்துக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து 'லெவன் ஹன்டர்ஸ்' என்று ஓர் அணி வைத்திருந்தார்கள். ரஹீம் அதிலும் ஆடினார். நம்மைப் போல ஒரு பழைய மாணவர் கூட்டம்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

பட்டம் வாங்கிய பிறகு அவர் போன இடம் பள்ளிக்கூடம். காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, உருது ஷரீஃப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி என்று வரிசையாக வாத்தியார் வேலை. பிறகு உடற்கல்வியில் டிப்ளமா படித்து, விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். நாட்டின் அணியைத் தயார் செய்யப்போகிற ஆள் பாடம் கற்றது இந்த மாதிரிப் பள்ளிக்கூட மைதானங்களில்தான்.

1950-ல் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி அவர் கைக்கு வந்தது. அந்த வருஷமே டூரண்ட் கோப்பை. ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை அந்த அணி வென்றது. 1951-ல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்கும் அவரே கோச். இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினோம்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் கப்பு வாங்கிய கதையாகத்தான் இருக்கும். ரஹீம் யார் என்பது தோற்ற பிறகுதான் தெரிந்தது. 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று அடித்துத் துவைத்துவிட்டது. நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதன் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று ஆனது. ரஹீம் குளிரைக் காரணம் சொல்லி உட்காரவில்லை. ஆட்டத்தையே மாற்றினார். அந்தக் காலத்தில் உலகமே வியந்த ஹங்கேரி அணியின் முறையைப் படித்து, நம் ஆட்களுக்கு ஏற்றபடி சொல்லிக்கொடுத்தார்.

நாலே வருஷம். 1956-ல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை அவர்கள் ஊரிலேயே 4-2 என்று தோற்கடித்தோம். நெவில் டிசூசா அதில் மூணு கோல். அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியா. முதல் கோலைப் போட்டது நாம்தான்! கடைசியில் 4-1 என்று தோற்றாலும், ஒலிம்பிக்கில் நாலாவது இடம் கிடைத்தது. 10-1 வாங்கிய நாடா இது என்று கேட்க வைத்தார்.

எப்படிச் செய்தார் என்பதுதான் நமக்கு வேண்டியது. ரஹீம் ஹைதராபாத்தில் விநோதமான போட்டிகள் நடத்தினார். ஒரு போட்டியில் பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு டிரிபிளிங் பண்ணக்கூடாது. வந்ததும் தட்டிவிடணும். இன்னொன்றில் பழக்கமில்லாத காலால் மட்டும்தான் ஆடணும். வலது கால்காரன் இடது காலால் தடுமாறுவான். சுற்றி நிற்பவன் சிரிப்பான். ஆனா ஒரு சீசன் போனா அவனுக்கு ரெண்டு காலும் கால்! கணக்கில் பலவீனமான பையனுக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்கும் வாத்தியாரின் புத்தி இது.

இன்னொரு சங்கதி. 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் அவருடைய சொந்த மகன் ஹக்கீமும் இருந்தார். கோச் அப்பாதான். ஆனாலும் மகன் ஒரு ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. அங்கே பிரான்ஸோடு 1-1 என்று டிரா செய்தோம். ஹங்கேரியிடமும் பெருவிடமும் தோற்றோம். பெருவுக்கு எதிராக நமக்கு விழுந்த ஒரே கோலைப் போட்டவர் சைமன் சுந்தரராஜ், நம்ம தமிழர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசி கோல் இன்றைக்கும் அதுதான்.

பிறகு 1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. தாய்லாந்து ஆட்டத்தில் ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். வேறொரு கோச் அவரை உட்கார வைத்திருப்பார், இல்லை பழைய இடத்திலேயே நிறுத்தியிருப்பார். ரஹீம் அவரை சென்டர் ஃபார்வர்டாக முன்னே அனுப்பினார். அரையிறுதியில் அவர் ஒரு கோல் போட்டார். செப்டம்பர் 4-ந் தேதி இறுதி ஆட்டம், எதிரே அதே தென் கொரியா. அரசியல் தகராறு ஒன்றினால் மைதானம் முழுக்க நமக்கு எதிராகக் கத்திக்கொண்டிருந்தது. காய்ச்சலிலிருந்து எழுந்த பீட்டர் தங்கராஜ் கோல் காத்தார். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் சிங் ஒன்று. 2-1 என்று தங்கம் நமக்கு.

அடுத்த வருஷமே, 1963 ஜூன் 11-ல், புற்றுநோயால் ரஹீம் காலமானார். 53 வயசு. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நம் ஆண்கள் அணிக்குக் கிடைத்தது 1970-ன் வெண்கலம் ஒன்றுதான். ஒலிம்பிக் கால்பந்துக்கு 1960-க்குப் பிறகு நாம் தகுதி பெறவே இல்லை. ஒரு வாத்தியார் போனால் எவ்வளவு போகும் என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டாம்.

நம்ம ஊருக்கு வருவோம். இங்கே பையன் பயிற்சிக்கு வரவில்லை என்றால் சோம்பேறி என்று அர்த்தம் இல்லை. அப்பாவோடு பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்துக்கொண்டிருப்பான். இல்லை, கிராமத்துக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருப்பான். அவன் வீட்டுக்குப் போய்த் தகப்பனாரிடம் பேசத் தெரிந்தவர்தான் நமக்கு வேண்டும். வெயிலில் காய்ந்து கல்லாய்க் கிடக்கும் நம் மைதானங்களில், பூட்ஸ் இல்லாத பையனையும் வரிசையில் நிற்க வைக்கத் தெரியணும். பி.டி. பீரியடைக் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் கடன் வாங்குகிற பள்ளிகளில், தலைமை ஆசிரியரிடம் சண்டை போடாமல் அந்தப் பீரியடைத் திருப்பி வாங்கத் தெரியணும்.

அதனால் தேர்வுக் குழு நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. வருகிறவரிடம் எத்தனை கப்பு வாங்கினீர்கள் என்று கேளுங்கள், தப்பில்லை. அதோடு இன்னும் மூணு கேள்வி கேளுங்கள். பெரிசாத் தோத்த பிறகு எதை மாத்தினீங்க? இடது கால் வராத பையனுக்கு என்ன செஞ்சீங்க? வேண்டியவர் வீட்டுப் பிள்ளையை எப்பவாவது வெளியே உட்கார வச்சிருக்கீங்களா? இந்த மூன்றுக்கும் ஒழுங்கான பதில் சொல்கிறவர், மாவட்டத்துக்கு வெளியே பெயர் தெரியாத ஆளாக இருந்தாலும் பரவாயில்லை. அவரையே வையுங்கள்.

வைத்த பிறகு ஒரு வருஷத்தில் கோப்பை எங்கே என்று கேட்காதீர்கள். ரஹீமுக்கே பத்துக்கு ஒன்று என்று தோற்ற பிறகு நாலு வருஷம் ஆச்சு. நம் ஆளுக்கும் அந்த நாலு வருஷத்தைக் கொடுப்போம். மாதச் சம்பளத்தைத் தவறாமல் கொடுப்பது நம் பொறுப்பு. மற்றதை அவரும் பையன்களும் பார்த்துக்கொள்வார்கள்.