குன்றின்மேல் ஒரு குருவானவர்

பறவைகளின் வரவு செலவைப் பற்றிப் பேசப் புகும் தமிழர் சத்திமுற்றப் புலவரை நினையாதிரார். தெற்கே குமரிவரை சென்று வடக்கே மீளும் நாரையைத் தம் மனைவிபால் தூது விடுத்த அப்புலவரின் பாட்டை யான் பல்லாண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வருகின்றேன். உவமையின் நயத்தை விரித்துரைப்பேன். புலவரின் வறுமையைச் சொல்லி மாணவரின் மனத்தை உருக்குவேன். நாரை எம்மாதத்திற் போகும், எம்மாதத்தில் மீளும் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்தேனல்லேன். ஒருமுறை மாணவன் ஒருவன் எழுந்து, எமது கல்லூரி வாயிலிலுள்ள மின்கம்பியில் ஆண்டுதோறும் வந்து வரிசையாக அமரும் தகைவிலான் குருவிகள் எந்தத் திகதியில் வருகின்றன என்று வினவினான். அக்கம்பியின் கீழே ஆயிரம் நாட்களுக்கு மேலாக நடந்திருந்தும் விடை கூற இயலாது நின்றேன். அன்று அடைந்த நாணமே கில்பேட் வைற் என்னும் ஆங்கிலேயக் குருவானவரின் வரலாற்றை யான் தேடிப் படிப்பதற்குக் காரணமாயிற்று.

இங்கிலாந்தின் தென்பகுதியில், ஹாம்ப்ஷயர் மாகாணத்தின் கீழெல்லையில், இலண்டன் மாநகருக்கு ஏறக்குறைய 50 மைல் தென்மேற்கே செல்போண் என்னும் சிற்றூர் உளது. ஊரின் பின்புறம் சுண்ணக்கற் குன்றொன்று முந்நூறு அடி செங்குத்தாக எழுந்து நிற்கும். அதன் சரிவு முழுவதும் பீச் மரங்கள் செறிந்த காடு. 1720ஆம் ஆண்டு யூலை 18இல் வைற் இவ்வூரிற் பிறந்தார். பாட்டனார் அவ்வூர்ப் பங்குக் குரு. வைற் ஒக்ஸ்போட்டில் ஓரியல் கல்லூரியிற் கற்று, 1744இல் அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினராகி, குருப்பட்டமும் பெற்றார். நகரத்திற் பெரும்பதவிகளை நாடிச் செல்லக்கூடிய நிலையிலிருந்தவர் ஊருக்கே மீண்டார். செல்போண் பங்குக் குருவாகும் பேறு மட்டும் அவருக்கு இறுதிவரை வாய்க்கவில்லை. அப்பதவியை வழங்கும் உரிமை ஒக்ஸ்போட்டின் மோட்லின் கல்லூரிக்கு உரியது. அவரோ ஓரியல் கல்லூரியைச் சேர்ந்தவர். ஆகவே தம் பாட்டனார் பணிபுரிந்த ஆலயத்திலும், இரண்டு மைல் தொலைவிலுள்ள பரிங்டன் என்னும் ஊரின் ஆலயத்திலும், துணைக்குருவாகவே வாழ்நாளைக் கழித்தார். மணம் புரிந்துகொண்டால் ஆய்வுறுப்பினர் பதவியை இழக்க நேரிடும் என்பது அக்காலத்து விதி. அவர் மணம் புரியவில்லை.

1751இல் தோட்டக் குறிப்பேடு ஒன்றை எழுதத் தொடங்கினார். எந்த விதையை எந்நாளில் இட்டார், எத்தனை வண்டி எரு இறக்கினார் என்பன போன்ற குறிப்புகள் அதில் நிறைந்திருந்தன. 1768 முதல் அது இயற்கைக் குறிப்பேடாக விரிந்தது. காற்று, மழை, வெப்பம், மலர்ந்த பூ, கேட்ட குரல், வந்த பறவை, போன பறவை ஆகிய யாவும் நாள்தோறும் அதில் ஏறின. ஒரே இனமென மற்றோர் எண்ணியிருந்த சிறு பச்சைக் குருவிகள் உண்மையில் மூவினத்தவை என்பதை அவற்றின் பாட்டின் வேறுபாட்டைக் கொண்டே தெளிந்தவர் அவர். அத்தகைய செவியுடையார்க்கு இடையிடையே காது கேளாமை வந்து வருத்தியது. செவி மந்தமாகிய அந்நாட்களில், குருவிகள் பாடியும் தமக்குக் கேளாமையை எண்ணி அவர் பெரிதும் வருந்தினார்.

இனி அக்குன்றுக்கு வருவோம். செப்டெம்பர் 29ஆம் நாள் ஆங்கிலேயர்க்குத் தூய மிக்கேல் திருநாள். அந்நாளை ஒட்டிய இலையுதிர்கால வாரங்களில், செல்போண் குன்றின்மேற் புதிய பறவைக் கூட்டமொன்று இறங்குவதை வைற் கண்டார். எமது நாகணவாயின் அளவினது, உடல் கரியது, மார்பின் குறுக்கே பிறைபோன்ற வெள்ளைப் பட்டி. ஆங்கிலேயர் றிங் ஊசல் என்பர். யான் இங்கே வெண்பிறைக் கருங்குருவி என்று வழங்குகின்றேன். வடக்கேயுள்ள மலைப்புறங்களுக்கே உரியது என்று நூலோர் எழுதிவைத்த இப்பறவை தென்னாட்டுக் குன்றில் இறங்கியதேன்? ஓராண்டு கண்டதோடு அவர் அமைதியடையவில்லை. அடுத்த ஆண்டும் அதே பருவத்தில் குன்றேறிக் காத்திருந்தார். அதற்கடுத்த ஆண்டும் காத்திருந்தார். ஒவ்வொரு முறையும் கூட்டம் வந்தது; ஏறக்குறைய இரண்டு வாரம் தங்கியது; மறைந்தது. ஏப்ரில் மாதத்தில் சிறு தொகையாக மீண்டும் தோன்றிச் சின்னாளில் அகன்றது. சிலவற்றைச் சுட்டு இரைப்பையைப் பிளந்து பார்த்தார். முட்செடிகளின் செம்பழமும் யூ மரத்தின் கனியும் இருந்தன. ஒன்றைச் சமைத்து உண்டும் பார்த்தார். சுவையாக இருந்ததெனக் குறித்துள்ளார். இக்காலத்துப் பறவையன்பர்க்கு இது கொடுமையாகத் தோன்றலாம். தொலைநோக்கிக் குழலைக் கையிலெடுத்துப் பறவை பார்க்கும் வழக்கம் ஏற்படாத காலம் அது. துவக்கே அன்றைய ஆராய்ச்சிக் கருவி.

பின்னர் வேற்றூர் நண்பர்கள் வழியாக இரண்டு செய்திகள் கிடைத்தன. டாபி மாகாணத்து மலைப்பாறைகளிலும், மேற்கேயுள்ள டாட்மூர் மேட்டுநிலத்திலும் இப்பறவை கூடு கட்டுகின்றது. குளிர்காலம் நெருங்கும்போது அவ்விடங்களை விட்டு நீங்கி இளவேனிலில் மீள்கின்றது. செல்போண் குன்றில் அது தோன்றும் நாட்களோடு இவை பொருந்தின. வேற்றிடத்துக்குச் செல்லும் பறவை வழியிலே இளைப்பாறும் மடமாகத் தம் ஊர்க்குன்று அமைந்திருப்பதை வைற் உணர்ந்தார். நூலோர் எவரும் கூறாத இவ்விடப்பெயர்ச்சியைத் தாம் புதிதாகக் கண்ட பொருளென்றே அவர் மகிழ்ந்தார். அம்மகிழ்ச்சிக்கு அவர் முற்றும் உரியவரே. அப்பறவைகள் மொறோக்கோ நாட்டின் அற்லஸ் மலைகளிலும் அயலிலும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன என்பது பிற்காலத்தார் கண்டறிந்த உண்மை.

கிழக்கே சசெக்ஸ் மாகாணத்தில், லூயிஸ் நகருக்கு அணித்தாகிய றிங்மர் என்னும் ஊரில் அவருடைய அத்தையார் வாழ்ந்தார். வண்டியில் ஏறினாற் குமட்டல் கொள்ளும் இயல்பினர் வைற். ஆதலின் அத்தையாரைக் காண்பதற்குக் குதிரைமேலேறிச் சசெக்ஸ் குன்றுத் தொடரைக் கடந்து செல்வார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வழியே போய்வந்தும் ஆண்டுதோறும் புதிய அழகைக் காண்பதாக அவர் எழுதினார். உயர்ந்த மலைகளைக் கண்டவர்க்கு அக்குன்றுகள் மேடுகளே. அவருக்கோ அவை மாபெரும் மலைகளாகத் தோன்றின. தம் நாட்டை நேசிப்பவரின் கண் அப்படித்தான் அளக்கும்.

அக்குன்றுகளில் ஆட்டிடையர்கள் வீற்றியர் என்னும் சிறு பறவையைப் பிடிப்பது வழக்கம். புற்றரையிற் பள்ளம் வெட்டிக் குதிரைமயிர்க் கண்ணி வைப்பார்கள். கோதுமை அறுவடைக் காலத்தில் தொடங்கும் இவ்வேட்டையில் அகப்பட்டவை செல்வர் வீட்டு விருந்துக்காக விற்பனையாகும். இடையர்க்கு அது கைச்செலவுக்கு வரும் காசு. செல்வர்க்கு அது நாச்சுவை. வைற் அதில் ஒரு கணக்கைக் கண்டார். பருவத்தின் உச்சத்தில் நூற்றுக்கணக்கான டசின்கள் பிடிபடுகின்றன. ஆயினும் குன்றில் எந்நேரம் பார்த்தாலும் மூன்று நான்குக்கு மேல் ஒருங்கே காண்பது அரிது. கூட்டமாக வந்து தங்கும் பறவையாயின் கூட்டம் கண்ணிற் படவேண்டும். ஊரிலேயே வாழும் பறவையாயின் சில நாளில் பிடித்துத் தீர்ந்துவிடவேண்டும். ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக அவை ஓயாது வந்தும் போயும் கொண்டிருக்கின்றன என்று அவர் முடிவு கட்டினார். ஆற்றிலே ஒரு குடம் நீரை முகந்தாலும் ஆறு குறையாதது போன்றது இது. இம்முடிவுக்கு அவருக்குத் துணைநின்றவை ஒரு குதிரை, இரண்டு கண்கள், இடையர்களோடு கூச்சமின்றி உரையாடும் பழக்கம் ஆகியனவே.

இவ்வளவு தெளிவாக இரண்டு பறவைகளின் செலவை உணர்ந்தவர் தகைவிலான் விடயத்தில் மட்டும் தடுமாறினார். அவர் வரலாற்றில் யான் மீண்டும் மீண்டும் படித்த பகுதி இதுவே. அக்காலத்தில், குளிர்காலத்திற் குருவிகள் எங்கே போகின்றன என்பது பெரும் வழக்காயிருந்தது. சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ் அவை நீரினுள் மூழ்கிக் கிடக்கும் என்றார். வைற்றின் கடித நண்பராகிய நீதிபதி பரிங்டன், குருவிகள் கடல் கடக்கும் என்பதையே ஐயுற்றார். வைற்றின் தம்பி யோன் 1756 முதல் 1772 வரை கிப்ரால்ற்றர் படைத்தளத்திற் குருவாகப் பணிபுரிந்தவர். பருவத்துக்கேற்ப எண்ணிறந்த தகைவிலான்கள் தெற்கு நோக்கியும் வடக்கு நோக்கியும் நீரிணையைக் கடப்பதை அவர் கண்ணாரக் கண்டு தமையனாருக்கு எழுதினார். வைற் அச்சான்றைப் பரிங்டனுக்கு எடுத்துரைத்து வாதிட்டார். பரந்த சமுத்திரத்தைத் தாண்டவேண்டியதில்லை, குறுகிய நீரிணைகளைக் கடந்து தரைவழியே செல்லலாம் என்று வழியுங்கூட வகுத்துக் காட்டினார்.

ஆனால் அவரது குறிப்பேடு அவரை ஓயவிடவில்லை. ஒக்டோபரில் தகைவிலான்கள் மறைந்துவிடும். நவெம்பரில் வெயில் எறிக்கும் ஓரிரு நாட்களில், வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் இனத்தைச் சேர்ந்த சில எங்கிருந்தோ தோன்றி, ஒருநாள் பறந்துவிட்டு, மீண்டும் மறையும். காலந்தாழ்த்திப் பொரித்த இளங்குஞ்சுகள் ஆபிரிக்கா வரை பறக்க வல்லனவோ? அவை எங்கோ அணித்தே பதுங்கி உறங்குகின்றன போலும் என்பது அவர் ஐயம். இதனை மடமை என்று நாம் நகைத்தல் தகாது. அத்தையாரின் முற்றத்தில் ஓர் ஆமை இருந்தது. நவெம்பரில் அது மண்ணைத் தோண்டிப் புதையும். ஏப்ரில் நடுப்பகுதியில், தகைவிலான் வரும் நாட்களில், மண்ணைக் கீறிக்கொண்டு வெளிவரும். 1780இல் அத்தையார் இறந்தபின் வைற் அந்த ஆமையைச் செல்போணுக்குக் கொண்டுவந்து தம் தோட்டத்தில் விட்டார். தோட்டத்திற் கண்ணெதிரே ஒரு பிராணி மாதக்கணக்காக உறங்கி எழும்போது, குருவியும் அவ்வாறு செய்யலாகாதோ என்று ஐயுறுதல் இயல்பே. 1781இல் கூலியாட்களை அமர்த்திக் குன்றுச்சரிவின் புதர்களையும் பொந்துகளையும் துழாவச் செய்தார். ஒரு குருவியும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதையும் அவரே எழுதினார்.

தம் எண்ணத்துக்கு மாறான அச்செய்தியை எழுதாது விட்டிருந்தால் அவரைக் கேட்பார் எவருமிலர். சான்று முழுவதும் அவர் கையிலேயே இருந்தது. யான் அவரை மதிப்பதற்கு முதற்காரணம் இந்நேர்மையே. ஏட்டில் உள்ளதைச் சொல்லிக் கொடுத்துப் பழகிய என் போன்றோர்க்கு, தெரியாது என்று எழுதிவைத்தல் எளிதன்று.

இரண்டு நண்பர்களுக்கு, பரிங்டனுக்கும் விலங்கியலறிஞர் பெனன்றுக்கும், எழுதிய கடிதங்களைத் தொகுத்து நூலாக்க அவருக்கு நெடுங்காலம் சென்றது. 1789ஆம் ஆண்டைத் தலைப்பிற் கொண்டு செல்போணின் இயற்கை வரலாறும் பழமையும் பற்றிய அந்நூல் வெளிவந்தது. வெளியிட்டவர் இலண்டனிற் புத்தகக் கடை வைத்திருந்த அவர் தம்பி பெஞ்சமின். அப்பொழுது ஆசிரியருக்கு வயது 68. அந்நூல் இன்றுவரை மறுபதிப்பாகி வருகின்றது. அவர் வாழ்ந்த இல்லம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நினைவுக் காட்சிச்சாலையாகத் திகழ்கின்றது.

தகைவிலான் வழக்குத் தீர்ந்தது அவர் இறந்து ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றபின். 1911ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் ஸ்ரபோட்ஷயர் மாகாணத்தில் ஒரு தகைவிலானின் காலில் இலக்கமிட்ட சிறு வளையம் பூட்டப்பட்டது. 1912 டிசெம்பரில் அவ்வளையம் தென்னாபிரிக்காவின் நேற்றால் மாகாணத்திற் கிடைத்தது. ஏறக்குறைய ஆறாயிரம் மைல்! எம் கல்லூரிக் கம்பியில் வந்தமர்வதும் அந்தத் தகைவிலான் இனமே. ஆசியாவின் வடபுலங்களிலிருந்து குளிருக்கு ஒதுங்கி இங்கே வருகின்றது. யானும் ஒரு கொப்பி வாங்கி வரவையும் செலவையும் குறிக்கத் தொடங்கினேன். திகதி இதுவெனத் துணிந்து சொல்லுமளவுக்கு ஆண்டுகள் சேருமுன், வினவிய மாணவன் படிப்பை முடித்துக் கல்லூரியை விட்டு நீங்கிவிட்டான்.

வைற்றின் குறிப்பேடு 1793 யூன் 15ஆம் நாளோடு நிற்கின்றது. பதினொரு நாள் கழித்து, 26ஆம் நாள், தம் 72ஆம் வயதில் அவர் காலமானார். தாம் பங்குக் குருவாக முடியாத அந்த ஆலயத்தின் முற்றத்தில், புற்றரையில் அவரை அடக்கம் செய்தனர். தலைமாட்டிலுள்ள சிறிய கல்லிற் பெயரின் முதலெழுத்து இரண்டும் இறந்த திகதியும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.