சன்னலருகே ஒரு கலைஞர்

கல்வியாண்டு முடியும் தறுவாயில் வகுப்புவாரியாக வரிசையில் நின்று நாம் நிழற்படம் எடுத்துக்கொள்கிறோம். படம் கைக்கு வருவதற்குள் அதில் நிற்போருள் பாதிப்பேர் ஊர் சேர்ந்திருப்பர். நிழற்படம் பிரிவோடு உடன்பிறந்த கலை போலும்! அப்பிரிவையே வாழ்நாள் எல்லாம் படமாக்கியவர் ஒருவர் இருந்தார். ஆந்த்ரே கெர்த்தேஸ் என்பது அவர் பெயர்.

அங்கேரியின் தலைநகராகிய புடாபெஸ்டில் 1894ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 2ஆம் நாள் ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் அந்தோர். புத்தக வணிகரான தந்தை 1908இல் மறைந்துவிடவே, தாய்மாமன் குடும்பத்தைத் தாங்கினார். பிள்ளை வணிகத்தில் தேறவேண்டும் என்பது மாமனின் விருப்பம். அதன்படி பங்குச் சந்தையில் எழுத்தர் வேலையும் கிடைத்தது. பிள்ளையின் மனமோ ஏட்டில் நிற்கவில்லை. 1912இல் ஒரு சிறு கேமரா வாங்கி, டான்யூப் ஆற்றங்கரையையும் சிற்றூர்த் தெருக்களையும் சுற்றிவரத் தொடங்கினார்.

முதல் உலகப்போர் மூண்டபோது படைக்கு அழைக்கப்பட்டவர், கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் உடன் சுமந்து சென்றார். அவர் எடுத்த படங்களில் பீரங்கி முழக்கம் இல்லை. வீட்டுக்குக் கடிதம் எழுதும் வீரனையும் களைத்து அமர்ந்திருக்கும் வீரனையுமே அவர் கண்டார். 1915இல் குண்டடிபட்டு நெடுநாள் மருத்துவமனையில் கிடந்தார். 1917இல் எஸ்தர்கோம் என்னும் ஊரில், நீருக்கடியில் நீந்தும் ஒருவனின் உடலில் ஒளி நெளிவதைப் படமெடுத்தார். இப்படத்தை நினைவில் வைத்துக்கொள்க. பின்னால் இது தேவைப்படும்.

போர் முடிந்தபின் பங்குச் சந்தையில் உடன் பணிசெய்த எலிசபெத்தின்மீது காதல் கொண்டார். ஆயினும் ஊரில் இருந்தால் கலை வளராது என்று தோன்றியது. காதலியையும் தாயையும் விட்டு 1925இல் பாரிசுக்குப் புறப்பட்டார். அப்போது வயது முப்பத்தொன்று. பிரெஞ்சு மொழி அவருக்குச் சரியாக வரவில்லை. நாவால் சொல்ல இயலாததைக் கேமராவால் சொன்னார் எனலாம். ஓவியர் மோந்திரியானின் இல்லத்தில் 1926இல் அவர் எடுத்த படத்தில் ஆளே இல்லை. ஒரு பூச்சாடி, மாட்டியிருக்கும் தொப்பி, வாயிலுக்கு அப்பால் வளைந்திறங்கும் படிக்கட்டு, அவ்வளவே. ஆனால் வீட்டுக்காரரை அதில் காணலாம். இல்லாதவரை இருக்கும் பொருளில் காட்டும் வித்தையை அவர் அப்போதே கற்றுவிட்டார். 1933இல் எலிசபெத்தை மணந்தார். பாரிசு நகரம் அவருக்குப் புகழையும் தந்தது, நட்பையும் தந்தது.

1936இல் நியூயார்க்கிலிருந்து ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தம் வந்தது. சிறிதுகாலம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்றே கணவனும் மனைவியும் கப்பலேறினர். ஒப்பந்தம் விரைவிலேயே முறிந்தது. திரும்பும் வழியைப் போர் அடைத்தது. அவருடைய படங்கள் அதிகம் பேசுகின்றன என்று கூறிப் பத்திரிகையாளர் ஒதுக்கினர். அங்கேரி எதிரி நாடானதால், தெருவில் கேமராவுடன் நடமாடவும் தடை வந்தது. 1937இல் எடுத்த ஒரு படத்தில், வானளாவும் கட்டடத்தின் சுவரோரம் வெண்மேகத் துணுக்கு ஒன்று வழிதவறி நிற்கிறது. அம்மேகம் யார் என்று விளக்கவேண்டியதில்லை.

தம் கலையை அமெரிக்கா மதிக்கவில்லை என்ற மனக்குறை அவருக்கு இறுதிவரை இருந்தது. அக்குறையில் உண்மை உண்டு. ஆயினும் ஒன்றை நாம் மறக்கலாகாது. 1944இல் அவர் அமெரிக்கக் குடிமகன் ஆனார். அதே ஆண்டில்தான் அங்கேரியிலிருந்து நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் சில வாரங்களில் கொலைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவரை வாடவைத்த மண்ணே அவர் உயிரையும் காத்தது. இவ்விரண்டையும் ஒரே தராசில் எப்படி நிறுப்பது?

போருக்குப்பின் வீட்டு அலங்கார இதழொன்றுக்குப் படமெடுத்துப் பல்லாண்டுகள் பிழைப்பு நடத்தினார். 1964இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடம் அவருடைய படங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. புகழ் மீண்டும் வந்தபோது வயது எழுபது.

1952 முதல் வாசிங்டன் சதுக்கத்தை நோக்கிய பன்னிரண்டாம் மாடியில் இருவரும் குடியிருந்தனர். அச்சன்னலே அவருக்கு உலகம். பனி மூடிய பூங்காவில் யாரோ தனியாக நடந்துபோவதை மேலிருந்து படமெடுப்பார். 1977இல் எலிசபெத் புற்றுநோயால் மறைந்தார். முதியவர் வீட்டோடு முடங்கினார்.

அக்காலத்தில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மார்பளவுக் கண்ணாடிச் சிலை ஒன்றைக் கண்டார். அதன் கழுத்தும் தோளும் மனைவியை நினைவூட்டின. அதை வாங்கி வந்து சன்னல் விளிம்பில் வைத்தார். போலராய்டு கேமராவால் அதைப் படமெடுக்கலானார். அக்கேமராவுக்கு இருட்டறை வேண்டா. படம் கையிலேயே உருப்பெறும். நெகட்டிவ் கிடையாது, ஒவ்வொன்றும் ஒரே படிதான். காலை ஒளி சிலைக்குள் நுழைந்து வளைந்தது. வெளியே நின்ற கட்டடங்களும் வானமும் அதன் தோளுக்குள் நெளிந்தன. அறுபதாண்டுகளுக்கு முன் எஸ்தர்கோம் நீரில் கண்ட அதே ஒளி! நடுங்கும் கைகளோடு எண்பத்தைந்து வயதில் அதை மீண்டும் பிடித்துவிட்டார். அப்படங்களை ‘என் சன்னலிலிருந்து’ என்னும் பொருள்படும் பெயரில் 1981இல் நூலாக்கி, எலிசபெத்துக்கே காணிக்கையாக்கினார். சிறிய படங்கள்தாம். அவர் எடுத்த அனைத்திலும் இவையே சிறந்தவை என்பது என் கருத்து. மற்றவை கண்ணின் திறம். இவற்றைக் காணும்போது, நாம் பிறர் வீட்டுத் துக்கத்தில் கதவோரம் நிற்பதாகத் தோன்றுகிறது.

1984இல் தம் நெகட்டிவ்களை எல்லாம் பிரெஞ்சு அரசுக்குக் கொடையாக எழுதிவைத்தார். அவை ஏறத்தாழ ஒரு இலட்சம். 1985 செப்டம்பர் 28ஆம் நாள் நியூயார்க்கில், அந்தச் சன்னல் இருந்த வீட்டில் உயிர்நீத்தார்.