எல்லாப்பிரகட சுப்பாராவ்

எல்லாப்பிரகட சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 - ஆகஸ்ட் 1948) இந்திய உயிர்வேதியியலாளர் ஆவார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்ததும், ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர் எதிர்ப்பியை வெளிக்கொணர்ந்ததும் இவரது தலைமையில் இயங்கிய ஆய்வகமே. அவ்வகை மருந்துகளின் பக்கவிளைவாக வாயில் பூஞ்சை நோய் தோன்றக்கூடும்.

வாழ்க்கை

அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ், மூன்றாம் முயற்சியில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்து ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். தகுதியே கிடைத்தது. ஸ்புரூ என்னும் குடல்நோய் இவருடைய சகோதரரைப் பலிகொண்டது, இவரையும் பற்றியது. வாயும் நாக்கும் புண்ணாகி உடல் மெலியச் செய்யும் நோய் அது. பின்னர் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் ஆய்வு செய்த இவர், 1940இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார்.

குன்னூரும் ஃபோலிக் அமிலமும்

கருவுற்ற இந்தியப் பெண்களின் இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், நீலகிரியிலுள்ள குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் பணியாற்றினார். ஈஸ்ட் சாறு அந்நோயைத் தீர்ப்பதை அவர் 1931இல் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த ஃபோலிக் அமிலத்தை 1945இல் சுப்பாராவின் குழு செயற்கையாக உருவாக்கியது. ஈஸ்ட் இனம் நோய் தீர்க்கவும் உதவும், நோய் தரவும் செய்யும் என்பது விந்தையே.

ஆரியோமைசினும் வாய்ப் பூஞ்சையும்

எழுபது வயதைக் கடந்த பெஞ்சமின் டக்கர் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஆரியோமைசின் 1948இல் அறிவிக்கப்பட்டது. டெட்ராசைக்ளின் வகையில் இதுவே முதலாவது. பிற்காலத்தில் இவ்வகை மருந்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்து ஸ்புரூ நோய்க்கான சிகிச்சையாயின.

கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் ஈஸ்ட் பலருடைய வாயிலும் குடலிலும் தீங்கின்றி வாழ்வது. அங்குள்ள பாக்டீரியாக்கள் இடத்துக்கும் உணவுக்கும் போட்டியிட்டு அதனைக் கட்டுப்படுத்துகின்றன. பலவகைப் பாக்டீரியாக்களை அழிக்கும் மருந்து, நோய்க்கிருமியோடு இக்காவலர்களையும் அழித்துவிடும். பூஞ்சையின் உயிரணு அமைப்பு வேறானதால் அது மட்டும் தப்பிப் பெருகும். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த்திரள் போன்ற வெண்படலம் தோன்றும். துடைத்தால் சிவந்த புண் தெரியும். கைக்குழந்தைகள், முதியோர், பல்செட் அணிவோர், நீரிழிவு உடையோர் ஆகியோருக்கு இது எளிதில் வரும். சாதாரணச் சளிக்கும் பல காய்ச்சல்களுக்கும் வைரஸே காரணமாயினும் கடையில் கேட்டு நுண்ணுயிர் எதிர்ப்பி வாங்கி உண்போர், பயனின்றி இந்நோயை வரவழைத்துக்கொள்ள நேரிடும்.

இதற்கான மருந்தும் மண்ணிலிருந்தே வந்தது. எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் ஆகிய இரு அமெரிக்கப் பெண் அறிவியலாளர்கள் நிஸ்டாட்டினை 1950இல் அறிவித்தனர்.

ஆரியோமைசின் அறிவிக்கப்பட்ட சில வாரங்களிலேயே சுப்பாராவ் காலமானார். 1953இல் ஒரு பூஞ்சைப் பேரினத்துக்குச் சுப்பாரோமைசிஸ் என இவரது பெயர் சூட்டப்பட்டது. 1995இல் இந்திய அஞ்சல்துறை இவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது.