இராமானுசனின் பை மதிப்புகளும் சிலேட்டில் அழிந்த நிறுவல்களும்

சீனிவாச இராமானுசன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். தந்தை துணிக்கடைக் கணக்கர். கணிதம் ஒன்றிலேயே மூழ்கிய இராமானுசன், கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்ச்சி பெறவில்லை. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். வரலாற்று நூல்கள் பலவும் இக்காலத்தை வறுமைக்குரியதாகவும், கேம்பிரிட்ஜ் காலத்தைச் சாதனைக்குரியதாகவும் பிரித்துக் காட்டுகின்றன. பை குறித்த அவரது பணி இப்பகுப்பிற்கு உடன்படுவதாக இல்லை.

வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமாகிய பையை முடிவிலித் தொடராக எழுதும் முறையைக் கேரளத்து மாதவர் 14ஆம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார். எனினும் திருத்தம் சேர்க்காமல் அத்தொடரின் ஆயிரம் உறுப்புகளைக் கூட்டினாலும் மூன்றாம் தசம இடத்திலேயே பிழை நேரும். இராமானுசன் 1913இல் இந்தியக் கணிதக் கழக இதழில், 355/113 என்னும் மதிப்பைக் கொண்டு வட்டத்துக்கு நிகரான சதுரம் வரையும் முறையை வெளியிட்டார். 1,40,000 சதுர மைல் பரப்புள்ள வட்டத்திலும் பக்க அளவில் ஏறத்தாழ ஓர் அங்குலமே பிழை.

1914 மார்ச் 17 அன்று கப்பலேறிய அவர், அவ்வாண்டே இங்கிலாந்தில் பை பற்றிய நெடுங்கட்டுரையை வெளியிட்டார். அச்சேறிய இடம் இங்கிலாந்தாயினும் அதன் பெரும்பகுதி இந்தியாவில் உருவானதே. வர்க்கமூலங்களும் மடக்கைகளும் கொண்ட மதிப்புகளோடு 17 தொடர்கள் அதில் உள்ளன. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்றின் முதல் உறுப்பு மட்டுமே, அதாவது 9801ஐ 2இன் வர்க்கமூலத்தின் 2206 மடங்கால் வகுத்துக் கிடைப்பது, பையை ஆறு தசம இடம்வரை தருகிறது. அடுத்து வரும் ஒவ்வோர் உறுப்பும் ஏறக்குறைய எட்டு இலக்கங்களைச் சேர்க்கும்.

இத்தொடர்களுக்கு முழுமையான நிறுவல்களை அவர் அளிக்கவில்லை. இதனை நாமகிரித் தாயாரின் அருளோடு இணைத்து அமைதி காண்பது எளிது. ஆனால் காரணம் வாழ்க்கைச் சூழலிலேயே கிடைக்கிறது. தாள் வாங்க வசதியற்ற அவர் சிலேட்டில் கணக்கிட்டு முழங்கையால் அழித்து, முடிவை மட்டுமே குறிப்பேட்டில் பதித்தார். மேலும், நிறுவலின் தேவையை உணராதவர் அல்லர். 2143/22இன் நான்காம் படிமூலம் பையை எட்டு தசம இடம்வரை தரும் என்று கூறுமிடத்து, அது சோதித்துக் கண்டது, தம் கோட்பாட்டிலிருந்து பெறப்பட்டதன்று எனத் தாமே பிரித்துரைக்கிறார். வெளிப்பாடாக எல்லாவற்றையும் பெற்றவருக்கு இப்பாகுபாடு வேண்டியதில்லை.

1919இல் நோயுடன் திரும்பிய இராமானுசன் 1920 ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார், அகவை 32. 1985இல் வில்லியம் காஸ்பர் மேற்கூறிய தொடரைக் கொண்டே கணினியில் பையை ஒரு கோடியே 70 இலட்சம் இலக்கங்களுக்கு மேல் கணக்கிட்டார். அப்போதும் அத்தொடருக்கு முழு நிறுவல் வெளியாகவில்லை. அதனைப் போர்வைன் உடன்பிறப்புகள் 1987இல் அளித்தனர்.